யாரு சென்ட் போட்டது? என்ன சென்ட் போட்டிருக்கீங்க?

காட்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. வயது இருபத்தாறு. ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை, தினமும் பைக்கில் போய் வருகிறார். துபாயில் இருக்கும் மாமா ஊருக்கு வந்தபோது ஒரு பெர்ஃப்யூம் கொடுத்திருக்கிறார். பேரீச்சம்பழமும் பட்டையும் வெனிலாவும் சேர்ந்த வாசனை. காலையில் குளித்ததும் எட்டு முறை அடித்துக்கொண்டு கிளம்புகிறார். ஆறு மாதத்தில் ஒருவர்கூட நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. ஒரே ஒரு நாள் கேன்டீனில் 'யாருப்பா சென்ட் போட்டது?' என்று ஒரு குரல் கேட்டதாம். ஆவணியில் குடியாத்தத்தில் அக்கா கல்யாணம். அதற்குள் நாலு பேர் விசாரிக்கிற மாதிரி ஒரு பெர்ஃப்யூம் பெயர் சொல்லுங்கள் என்கிறார்.

பெயர் சொல்கிறேன். ஆனால் முதலில் அந்தக் கேன்டீன் குரலை எடுத்துக்கொள்வோம், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. நம் பக்கத்தில் வாசனையைப் பற்றி மூன்று விதமாகப் பேசுவார்கள். 'யாரு சென்ட் போட்டது?' என்பது முதல் விதம். கேட்டவருக்கு வாசனை வந்துவிட்டது, ஆள் யாரென்று இன்னும் தெரியவில்லை. அதாவது வாசனை ஆளைவிட்டு ரொம்ப தூரம் போயிருக்கிறது. அது பாராட்டு இல்லை தம்பி, புகாருக்கு முந்தின படி. 'என்ன சென்ட் போட்டிருக்கீங்க?' என்பது இரண்டாவது. பக்கத்தில் வந்த பிறகுதான் வாசனை தெரிந்திருக்கிறது. ஆள் யாரென்பதில் சந்தேகம் இல்லை, பெயர்தான் வேண்டும். நீங்கள் தேடுவது இதைத்தான். மூன்றாவது விதத்தில் சென்ட் என்ற சொல்லே வராது. 'உன்கிட்ட வந்தாலே நல்லா இருக்குடா' என்பார்கள். வீட்டு ஆட்களும் நெருங்கின நண்பர்களும்தான் அப்படிச் சொல்வார்கள், அதுவும் எப்போதாவது.

என் அப்பா வேலூர் லாங் பஜார் பக்கம் சின்னதாக அத்தர் கடை வைத்திருந்தார். நான் துபாய் தேராவில் ஒரு பெர்ஃப்யூம் கடையில் ஒன்பது வருடம் நின்றேன். இரண்டு இடத்திலும் ஒன்றைப் பார்த்தேன். வாங்க வருகிறவர் தன் மூக்குக்குப் பிடித்ததை, பாட்டிலைத் திறந்த முதல் நிமிடத்து வாசனையை வைத்து வாங்குகிறார். பாராட்டுகிறவரோ ஒரு கை தூரத்தில் நின்று, இரண்டு மணி நேரம் கழித்து வருகிற வாசனையைத்தான் முகர்கிறார். இரண்டும் ஒரே வாசனை இல்லை. உங்கள் எட்டு அடிகளும் வீணாகப் போனதற்குக் காரணம் இந்த இடைவெளிதான்.

மூக்கின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரே வாசனையை விடாமல் முகர்ந்தால் சில நிமிடங்களில் மூக்கு அதைக் கண்டுகொள்ளாது. தோல் பதனிடுகிற ஷெட்டில் வருடக்கணக்காக வேலை செய்கிறவரிடம் போய் நாற்றம் தாங்க முடியவில்லையே என்று சொல்லிப் பாருங்கள், 'என்ன நாத்தம்?' என்று உங்களையே திருப்பிக் கேட்பார். உங்கள் கழுத்தில் இருக்கும் பெர்ஃப்யூமுக்கும் அதே கதிதான். பத்து நிமிடத்தில் உங்களுக்குத் தெரியாமல் போகிறது. போய்விட்டது என்று நினைத்து இன்னும் இரண்டு அடி அடிக்கிறீர்கள். பக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் போகவில்லை, அவர் ஜன்னலைத் திறக்கிறார். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில செயற்கைக் கஸ்தூரி வாசனைகள் சிலருடைய மூக்குக்கு எட்டவே எட்டாது. அந்த மாதிரி பாட்டில் உங்கள் கையில் கிடைத்தால் அளவே தெரியாமல் அடிப்பீர்கள். ஆகவே அளவுக்கு உங்கள் மூக்கை நம்பாதீர்கள். அம்மாவையோ அக்காவையோ நிற்க வைத்துக் கேளுங்கள். கை நீட்டும் தூரத்தில் லேசாகத் தெரிய வேண்டும், அறை வாசலில் தெரியக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு.

நானும் இதில் அடி வாங்கினவன்தான். துபாயிலிருந்து முதல் விடுமுறைக்கு வந்தபோது ஆம்பூரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். விலை உயர்ந்த ஊது வாசனை, அதாவது அகில் கட்டை வாசனை ஒன்றைச் சட்டை நனைகிற அளவுக்கு அடித்துக்கொண்டு போனேன். பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் இரண்டு நிமிடம் பொறுத்தார். அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு நாலு இடம் தள்ளிப் போய் உட்கார்ந்தார். 'தம்பி, பிரியாணி வாசனையே வரலப்பா' என்றார். ஆம்பூரில் இதைவிடப் பெரிய குற்றம் ஒருவன் செய்துவிட முடியாது.

சரி, இப்போது உடம்புக்கு வருவோம். பெர்ஃப்யூம் வியர்வை வாடையை மூடும் என்பது பொய். இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒன்று வரும், அது முதல் இரண்டையும்விட மோசமாக இருக்கும். வியர்வைக்குத் தனியாக வாடை கிடையாது என்றே சொல்லலாம். அக்குளில் சுரக்கிற கொழுப்புள்ள வியர்வையைத் தோலில் இருக்கும் பாக்டீரியா உடைக்கும்போதுதான் வாடை கிளம்புகிறது. வேலூர் வெயிலில் அதற்கு வேலை சுலபம். மே மாதத்தில் 40 டிகிரி தாண்டுவது நமக்குச் செய்தியே இல்லை. கத்திரியில் தமிழ்நாட்டு வெப்பப் பட்டியலில் வேலூர் பெயர் மேலே இருப்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. அக்குளுக்கு வியர்வையைக் கட்டுப்படுத்துகிற ரோல்-ஆன் ஒன்று வாங்குங்கள், அதில் அலுமினிய உப்பு இருக்கும். காலையில் அவசரமாகத் தேய்ப்பதைவிட இரவு படுக்கும்முன் உலர்ந்த தோலில் போட்டால் நன்றாக வேலை செய்யும். செலவு வேண்டாம் என்றால் சலூனில் ஷேவ் செய்த பிறகு தேய்க்கிறார்களே, அந்தப் படிகாரக் கட்டி போதும். குளித்துவிட்டு ஈரத்தோடு அக்குளில் தேய்த்து உலரவிடுங்கள். பாடி ஸ்ப்ரே வேறு சமாச்சாரம். அதில் கேஸும் ஆல்கஹாலும்தான் அதிகம், வாசனைச் சரக்கு கொஞ்சம். புஸ்ஸென்று அடித்தால் குளிர்ச்சியாக இருக்கும், அரை மணி நேரத்தில் ஆளைக் காணோம்.

சட்டைத் துணியையும் பாருங்கள். பாலியஸ்டர் வியர்வை வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பருத்தி அவ்வளவாக வைத்துக்கொள்ளாது. துவைத்த பிறகும் இஸ்திரிப் பெட்டி பட்டதும் பழைய வாடை கிளம்புகிற சட்டை ஒன்று எல்லோர் வீட்டிலும் இருக்கும். அதன் மேல் பத்தாயிரம் ரூபாய் பெர்ஃப்யூம் அடித்தாலும் பயனில்லை. ஹெல்மெட்டின் உள் துணி, தோள் பையின் பட்டை, வாட்ச் வார் மூன்றையும் முகர்ந்து பாருங்கள். யாரும் துவைக்காத மூன்று பொருட்கள் அவை.

இனி வாசனையின் கூறு. ஆல்கஹாலில் கலந்த பெர்ஃப்யூமில் எல்லா வாசனையும் ஒரே நேரத்தில் வராது. எலுமிச்சை, ஆரஞ்சு, அதே ஜாதிப் பழமான பெர்கமாட் மாதிரி லேசானவை முதலில் பறக்கும். பத்துப் பதினைந்து நிமிடம்தான் அவற்றின் ஆயுள். அப்புறம் பூக்களும் மசாலா வாசனையும் வரும். கடைசியில் மரம், பிசின், வெனிலா, கஸ்தூரி தங்கும். கடைக்காரர் அட்டையில் அடித்து நீட்டுவது முதல் பகுதியை. பாராட்டு வாங்கித் தருவது கடைசிப் பகுதி. பாட்டிலில் போட்டிருக்கும் பெயர்களையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓ டி டாய்லெட் என்றால் வாசனைச் சரக்கு ஏறக்குறைய 5 முதல் 15 சதவீதம், ஓ டி பர்ஃபம் என்றால் 15 முதல் 20. எக்ஸ்ட்ரே என்று போட்டிருந்தால் அதற்கும் மேல். சதவீதம் ஏறினால் தோலில் தங்கும் நேரம் பெரும்பாலும் ஏறும். ஆனால் காற்றில் பரவுவதும் அதோடு ஏறும் என்று நினைக்காதீர்கள். சில டாய்லெட் வகைகள் பர்ஃபம் வகைகளைவிட அழகாகப் பரவும்.

வெயில் ஏற ஏற எல்லாம் வேகமாக ஆவியாகும். லேசானவை சீக்கிரம் முடியும், கனமானவை மொத்தமாகக் கிளம்பும். உங்கள் மாமா கொடுத்தது கனமான ஜாதி. துபாயில் அதைப் போடுகிறவர் ஏசி வீட்டிலிருந்து ஏசி காருக்கும், அங்கிருந்து ஏசி மாலுக்கும் போகிறார். நீங்கள் சித்திரை வெயிலில் ஹெல்மெட்டும் ஜாக்கெட்டுமாகத் திருவலம் பாலம் தாண்டிப் போகிறீர்கள். ஜாக்கெட்டுக்குள்ளே வெனிலாவும் பட்டையும் வெந்து, கேன்டீன் போய்ச் சேரும்போது பாகு காய்ச்சின மாதிரி ஆகியிருக்கும். பாட்டிலைக் குறை சொல்ல முடியாது. போட்ட இடமும் நேரமும்தான் தப்பு.

இந்த ஊருக்குப் பகலில் எடுபடுவது சுத்தமான, கொஞ்சம் ஈரமான வாசனைகள். 1988-இல் வந்த டேவிடாஃப் கூல் வாட்டர், 1996-இல் வந்த அர்மானி அக்வா டி ஜியோ, இரண்டும் இந்த ஜாதிக்கு மூத்தவை. கடல்காற்று, புதிதாகத் துவைத்த துணி, கிள்ளின இலை என்று மனம் போகிற வாசனை. கூல் வாட்டர் விலையும் குறைவு, மூன்று நான்கு மணி நேரத்துக்குமேல் எதிர்பார்க்காதீர்கள். வளைகுடா வீடுகளில் ரசாசி ஹவாஸ் என்று ஒன்று உண்டு. பழமும் தண்ணீரும் கலந்த மாதிரி கொஞ்சம் இனிப்போடு இருக்கும், வெயிலிலும் நன்றாகப் பரவும். தேராவில் நான் விற்றவற்றில் திரும்ப வந்து அதே பாட்டிலைக் கேட்டவர்கள் இந்த ஜாதிக்குத்தான் அதிகம். உள்ளூர் பட்ஜெட்டுக்கு டைட்டன் கம்பெனி 2013-இல் தொடங்கிய ஸ்கின் வரிசை இருக்கிறது. ஆபீசுக்கு அது தாராளம்.

மாலைக்கு, மண்டபத்துக்கு, ஏசி ஹாலுக்கு ஒரு படி மேலே போகலாம். ப்ளூ டி ஷனெல் 2010-இல் வந்தது, டியோர் சவாஜ் 2015-இல் வந்தது. இரண்டுமே எலுமிச்சை ஜாதி வாசனையில் தொடங்கி, மர வாசனையில் முடிகிறவை. சவாஜ் அவ்வளவு தூரம் பரவுவதற்கு ஆம்ப்ராக்ஸன் என்ற சரக்கு பெரிய காரணம். திமிங்கிலத்திலிருந்து கிடைக்கிற அம்பர் வாசனையைப் போலச் செய்து எடுப்பது அது. சவாஜுக்குப் பாராட்டு நிச்சயம் வரும். ஆனால் விஐடி பக்கம் ஒரு மாலை நேரத்தில் டீ குடிக்க நின்றால் அதே வாசனை அலை அலையாக வந்துகொண்டே இருக்கும். அது உங்களுக்குப் பிரச்சினையா இல்லையா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். தெரிந்த வாசனையைத்தான் ஜனங்கள் அதிகம் பாராட்டுகிறார்கள் என்பது என் அனுபவம். யாரும் முகராத அபூர்வ வாசனையைப் போட்டால் 'வித்தியாசமா இருக்கே' என்பார்கள். அதற்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

க்ரீட் அவெண்டஸ் என்று 2010-இல் வந்த ஒன்று உலகம் முழுக்கப் பாராட்டுக்குப் பேர் போனது, விலை நம்மால் ஆகாது. அன்னாசியும் புகையும் கலந்த அந்தப் போக்கிலேயே அர்மாஃப் கிளப் டி நூயி இன்டென்ஸ் மேன் இருக்கிறது, விலை பத்தில் ஒரு பங்குகூட வராது. அடித்த உடனே எலுமிச்சை கொஞ்சம் காட்டமாகக் குத்தும். வீட்டிலேயே அடித்துவிட்டு, இருபது நிமிடம் கழித்து வெளியே வாருங்கள்.

பட்டியலைப் பார்த்து உடனே நூறு மில்லி வாங்கிவிடாதீர்கள். ஐந்து, பத்து மில்லி சின்னக் குப்பிகளில் பிரித்து விற்பவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். இரண்டு மூன்று வாங்கி, ஒவ்வொன்றையும் ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். கடையில் முகர்ந்தால் ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம், மூக்கு குழம்பிவிடும். நடுவில் காபிக்கொட்டை டப்பாவை நீட்டுவார்கள். அதனால் ஒன்றும் ஆகாது, உங்கள் முழங்கை மடிப்பை நீங்களே முகர்ந்தாலும் அதே பலன்தான். அட்டையில் பிடித்தால் கையில் ஒரு அடி. உடனே வாங்காமல் வெளியே வந்து ஒரு சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி முகருங்கள். அப்போதும் பிடித்தால் வாங்கலாம். பாதி விலைக்கு 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று நீட்டினால் நகர்ந்துவிடுங்கள். உள்ளே என்ன ஆல்கஹால் என்று விற்பவருக்கே தெரியாது. அசல் பாட்டிலில் அட்டைப் பெட்டியின் அடியில் இருக்கும் பேட்ச் எண்ணும் பாட்டிலின் அடியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கும். போலியில் அதையும் சேர்த்தே அச்சடிக்கிறவர்கள் உண்டு, ஆகவே எண் ஒத்துப் போனதால் மட்டும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.

எங்கே போடுவது? குளித்துத் துடைத்த உடனே, பனியனுக்கு உள்ளே நெஞ்சில் ஒரு அடி, பின்கழுத்தில் ஒரு அடி. ஏசியில் உட்காருகிற வேலை என்றால் முழங்கை மடிப்பில் இன்னொன்று. கத்திரி வெயிலில் இரண்டு போதும், மண்டபத்துக்கு நாலு. ஒரு சாண் தள்ளிப் பிடித்து அடியுங்கள். வறண்ட தோலில் வாசனை நிற்காது, போடுகிற இடத்தில் முதலில் வாசனை இல்லாத க்ரீமோ கொஞ்சம் வாஸ்லினோ தடவினால் கூடுதல் நேரம் தங்கும். மணிக்கட்டில் அடித்து இரண்டு கையையும் தேய்ப்பது சினிமாப் பழக்கம். அதனால் முதல் வாசனைதான் சீக்கிரம் போகும். வெள்ளைச் சட்டையிலும் பட்டு வேட்டியிலும் நேரே அடிக்காதீர்கள், கறை விழும், ஜரிகை கறுக்கும். எலுமிச்சை, பெர்கமாட் எண்ணெய் சேர்ந்ததைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றால் சிலருக்குத் தோல் கறுத்துத் திட்டு விழும். பைக்கில் போகிற உங்களுக்கு அது முக்கியம். அதைவிட ஒரு வழி சொல்கிறேன். காலையில் வீட்டில் எதுவும் போடாமல் கிளம்புங்கள். கம்பெனியில் இறங்கி, முகம் கழுத்து கழுவித் துடைத்து, பையில் இருக்கும் பத்து மில்லி குப்பியிலிருந்து இரண்டு அடி. காற்றுக்குக் கொடுக்கிற வாசனை மிச்சம்.

அத்தர் பற்றிச் சொல்லாமல் விட்டால் அப்பா கனவில் வந்து திட்டுவார். அத்தரில் ஆல்கஹால் இல்லை, எண்ணெய். அது பறக்காது, தோலோடு ஒட்டிக் கிடக்கும். காதின் மேல் மடிப்பில் சின்னப் பஞ்சை நனைத்துச் செருகிக்கொள்கிற பெரியவர்களை மேல்விஷாரத்திலும் பேரணாம்பட்டிலும் இன்னும் பார்க்கலாம். அத்தருக்கு 'யாரு போட்டது?' என்ற கேள்வி பெரும்பாலும் வராது. பெருநாள் தொழுகை முடிந்து ஒருவரை ஒருவர் தழுவிக்கொள்கிறார்களே, அந்த ஒரு நொடியில்தான் அது பேசும். தழுவிவிட்டு விலகும்போது 'என்ன அத்தர் இது?' என்பார்கள். அப்பா கடைக்குப் பெருநாள் முடிந்த வாரத்தில் வருகிற கூட்டம் பெருநாளுக்கு முன்பு வருகிற கூட்டத்துக்குக் குறையாது. எல்லாம் தழுவலில் பெயர் கேட்டு வந்தவர்கள்.

நல்ல அத்தர் உத்தரப்பிரதேசத்தில் கன்னோஜ் ஊரிலிருந்து வரும். செப்பு அண்டாவில் பூவும் தண்ணீரும் போட்டு, விறகில் காய்ச்சி, மூங்கில் குழாய் வழியாக ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவார்கள். சந்தன எண்ணெய் விலை ஏறிப் போனதால் இப்போது மலிவு அத்தரில் பாரஃபின் போன்ற எண்ணெய்தான் அடிச்சரக்கு. அதனால்தான் அந்தக் காலத்து அத்தர் மாதிரி இல்லை என்று பெரியவர்கள் குறைப்படுகிறார்கள். கன்னோஜில் மண் அத்தர் என்று ஒன்று உண்டு. சுட்ட களிமண்ணைக் காய்ச்சி எடுப்பது, முதல் மழை வாசனை அப்படியே இருக்கும். அந்த வாசனைக்குப் பெட்ரிகோர் என்று 1964-இல்தான் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் பெயர் வைத்தார்கள். நம்மாட்கள் அதற்கு ரொம்ப முன்பே குப்பியில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். கத்திரி முடிகிற நேரத்தில் வேலூரில் ஒரு மாலை திடீரென்று இடித்துப் பெய்யுமே, அந்த முதல் ஐந்து நிமிடத்தை ஒரு சொட்டாகக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். நான் முகர வைத்தவர்களில் வேலூர்க்காரர் யாரும் அதை முகர்ந்துவிட்டுச் சும்மா இருந்ததில்லை.

சந்தனத்துக்கோ நாம் எங்கேயும் போக வேண்டாம். ஜவ்வாது மலை பக்கத்திலேயே இருக்கிறது, திருப்பத்தூரில் வனத்துறையின் சந்தனக் கிடங்கு இருக்கிறது. யோசித்தால் வேடிக்கையாக இருக்கும். பிரான்சில் கிராஸ் என்று ஒரு ஊர், உலக வாசனைத் தொழிலுக்குத் தாய்வீடு. அது முதலில் தோல் பதனிடுகிற ஊர்தான். தோல் கையுறையின் நாற்றத்தை மறைக்க வாசனை ஏற்றப் போய், மல்லிகையும் ரோஜாவும் பயிரிட்டு, கடைசியில் தோல் போய் வாசனை நின்றுவிட்டது. நம்மிடம் தோல் இருக்கிறது, சந்தன மலை இருக்கிறது, மல்லிகைக்கும் குறைவில்லை. வாசனையில் நாம் எடுத்த பேர் என்னவோ பிரியாணிக்குத்தான்.

இனி உங்கள் அக்கா கல்யாணம். முகூர்த்தக் காலையில் மண்டபம் ஏற்கனவே வாசனையால் நிரம்பியிருக்கும். வாசலில் பன்னீர் சொம்பு, சந்தனக் கிண்ணம், பெண்கள் தலையில் மல்லி, ஓமப் புகை, சமையல் கட்டிலிருந்து நெய். இதன் மேல் இன்னொரு சத்தமான பெர்ஃப்யூம் ஏறினால் எதுவும் எடுபடாது. காலையில் சந்தன அத்தர் ஒரு சொட்டு, கைக்குட்டையில் ஒரு சிட்டிகை ஜவ்வாதுப் பொடி, போதும். அந்தச் சூழலோடு சேர்ந்துகொள்ளும். அதோடு நீங்கள் பெண்ணின் தம்பி. நாற்காலி தூக்குவது, சாம்பார் வாளி ஓடுவது, மாப்பிள்ளை வீட்டாருக்குத் தண்ணீர் பாட்டில் தேடுவது எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். ஒரு பனியனும் சட்டையும் கூடுதலாக எடுத்து வையுங்கள். எந்தப் பெர்ஃப்யூமைவிடவும் அன்றைக்கு அது பெரிய உதவி.

முந்தின நாள் மாலை ரிசப்ஷன்தான் உங்கள் நேரம். ஆவணி மாலை என்றால் ஒன்று புழுக்கம், இல்லையென்றால் இடி மழை. ப்ளூ ஜாதியில் ஒன்றோ, அந்தக் கிளப் டி நூயியோ, நாலு அடி, விருந்தினர் வருவதற்கு அரை மணி நேரம் முன்பு. முழங்கை மடிப்பில் ஒன்று கட்டாயம். வாசலில் நின்று கற்கண்டுத் தட்டை நீட்டுவதும் கை கொடுப்பதும் நீங்கள்தானே. வருகிற ஒவ்வொருவரும் உங்களுக்கு ஒரு கை தூரத்தில் இரண்டு விநாடி நிற்பார்கள். இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அக்காவுக்கும் சொல்லுங்கள், தலை நிறைய மல்லி வைத்துக்கொண்டு பூ வாசனைப் பெர்ஃப்யூம் அடிக்க வேண்டாம். மல்லிகையில் இண்டோல் என்ற சரக்கு உண்டு, கொஞ்சமாக இருக்கும்வரை மயக்கும், கூடினால் அழுகல் நெடி. வாடுகிற மல்லியோடு பாட்டில் மல்லியும் சேர்ந்தால் போட்டோ எடுக்கப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத் தலைவலி. லேசான கஸ்தூரியோ சந்தனமோ மணிக்கட்டில் ஒரு அடி போட்டுக்கொண்டால் போதும், மல்லி மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போகிற நாளில் எதுவும் போடாதீர்கள். கீமோ எடுக்கிறவர்களுக்கு நல்ல வாசனையே குமட்டும், வீசிங் உள்ளவர்களுக்கு மூச்சை அடைக்கும். எதிரே காந்தி ரோட்டு லாட்ஜ் லிஃப்டுகளில் ஏறும்போதும் இது ஞாபகம் இருக்கட்டும், பாதிப் பேர் நோயாளிகள்தான்.

பாட்டிலைக் குளியலறையிலும் ஜன்னலிலும் வைக்காதீர்கள். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறை என்றால் பீரோவின் அடித்தட்டில், அட்டைப் பெட்டியோடு வையுங்கள். சூடும் வெளிச்சமும் வாசனையைக் கெடுத்துவிடும். பைக் பெட்டியில், கார் டேஷ்போர்டில் கூடவே கூடாது. பாடி ஸ்ப்ரே டப்பா வெயில் காரில் வெடிக்கவும் வெடிக்கும்.

அந்த மாமா பாட்டில்? தூக்கிப் போடாதீர்கள், அது நல்ல சரக்கு. மார்கழி வரட்டும். ராத்திரி ஏலகிரிக்கு நண்பர்களோடு போகும்போது ஸ்வெட்டருக்கு உள்ளே நெஞ்சில் ஒரே ஒரு அடி. அந்தக் குளிரில் பட்டையும் வெனிலாவும் மெல்ல மெல்ல வெளியே வரும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் கேட்பான். நடுவில் மாமா ஊருக்கு வந்தால் அன்றைக்கும் ஒரு அடி போட்டுக்கொள்ளுங்கள். ஊரே கேட்காவிட்டாலும் அவர் கேட்பார், 'நான் குடுத்ததா?' என்று.